மன்றத்துப் பணம் குவாத்தமாலாவுக்கா, பழவிளைக்கா?

கருங்கல் தம்பி:
எங்கள் ஊர் மன்றத்தில் மருத்துவ உதவிக்கென்று சேர்ந்த பணத்தில் 40,000 ரூபாய் மீதி கிடக்கிறது. எங்கள் ஊர் நர்ஸ் அக்கா ஒருத்தர் அமெரிக்காவில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருக்கிறார். மத்திய அமெரிக்காவில் இருக்கும் குவாத்தமாலா நாட்டு மலைக்கிராமங்களில் கிளினிக் நடத்துவது அவர்களுடைய ஒரு வேலை. அமெரிக்காவுக்கு வந்து புகலிடம் கேட்டிருக்கும் குடும்பங்களைத் தங்கவைக்க ஒரு வீடும் வைத்திருக்கிறார்கள். பாதிப் பணத்தை அங்கே அனுப்பலாம் என்று கூட்டத்தில் சொன்னேன், ஒரே சத்தம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

குளச்சல்காரன்:
சத்தம் போட்டவர்கள் பக்கம்தான் நானும். டாலர் நாட்டு நிறுவனத்துக்குக் கருங்கல்லிலிருந்து ரூபாய் போகணுமா தம்பி? பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை, பெருமாள்புரம் என்று நம்ம மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அவர்களை விட்டுவிட்டுக் குவாத்தமாலாவா? இந்த வெளிநாட்டு மெடிக்கல் கேம்ப்காரர்களையும் தெரியும். ரெண்டு வாரம் வருவார்கள், எல்லாருக்கும் ஒரே கலர் பனியன், பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை, கூட நின்று போட்டோ. சுனாமிக்கு அப்புறம் எங்கள் கரைக்கு வந்த துணி மூட்டையில் கம்பளிக் கோட்டு இருந்தது. குளச்சல் வெயிலுக்குக் கம்பளிக் கோட்டு!

நெய்யூர் வாத்தியார்:
அண்ணாச்சி, உங்கள் வீட்டில் யாராவது நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்திருக்கிறார்களா? 1838-ல் லண்டன் மிஷன் மருத்துவர் ராம்சே இங்கே வைத்தியம் தொடங்கினார். அந்தக் காசு எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் நம்மைப் பார்த்தேயிராத சனங்கள் போட்ட காணிக்கை. அங்கேயும் எவராவது எழுந்து, 'நம்ம ஊர் ஏழை இருக்க திருவிதாங்கூருக்கு எதற்கு' என்று கேட்டிருப்பார். நல்லவேளை, அவர் பேச்சு எடுபடவில்லை.

குளச்சல்காரன்:
சார், நீங்களே நெய்யூரை இழுத்ததால் சொல்கிறேன். 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்த டாக்டர் சாமர்வெல் திரும்பும் வழியில் நெய்யூரைப் பார்த்தார். அவ்வளவு கூட்டத்துக்கு ஒரே ஒரு சர்ஜன். அதைப் பார்த்துத்தான் இங்கே வேலைக்கு வந்தார். நடுவில் 1924-ல் இன்னொரு தடவை மலைக்குப் போனாலும் திரும்பி வந்து இருபது வருஷத்துக்கு மேல் இங்கேயே கிடந்து கத்தி பிடித்தார். அந்த மாதிரி ஆளுக்கு என் பணத்தையும் கொடுப்பேன். விமானத்தில் வந்து இறங்கி, பதினைந்தாம் நாள் ஏறிப் போகிறவனுக்கு எதற்கு?

கருங்கல் தம்பி:
கேள்வி சரிதான், அக்காவிடம் அதையே கேட்டேன். அங்கே வருஷம் முழுக்க இருப்பது உள்ளூர் நர்ஸுகளாம், மாம் என்ற மாயா மொழி பேசுகிறவர்கள். வெளி டாக்டர்கள் வந்து போவதும் உண்டு, அதை மறைக்கவில்லை. அந்த நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதனால் எடை பார்ப்பது, சத்துணவு, கர்ப்பிணிகளைக் கவனிப்பது இதெல்லாம்தான் அங்கே முக்கிய வேலை.

திங்கள்நகர் நர்ஸ்:
நானும் அமெரிக்காவில்தான் இருக்கிறேன், ஆனால் அந்த நிறுவனத்தில் இல்லை. 'டாலர் நாடு' பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கே புகலிடம் கேட்டு மனு போட்டுக் காத்திருக்கிறவர்களுக்கு மத்திய அரசு வீடு தராது. மனுவை உள்ளே வந்த ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும். போட்டபின் 180 நாள் கழியாமல் வேலை அனுமதி கிடையாது. குடியேற்ற நீதிமன்றத்தில் அரசுச் செலவில் வக்கீலும் வைத்துத் தரமாட்டார்கள். கைப்பிள்ளையோடு வந்தவர் அந்த ஆறு மாதம் எதைச் சாப்பிடுவார்? சொந்தக்காரர் வீட்டு சோபாவிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறிக்கொண்டே இருப்பார். பழைய விலாசத்துக்கு வந்த நீதிமன்றக் கடிதம் கைக்குக் கிடைக்காது, விசாரணைக்குப் போகாவிட்டால் அவர் இல்லாமலேயே வெளியேற்ற உத்தரவு போட்டுவிடுவார்கள். அந்த மாதிரி வீடு கொடுப்பதில் கட்டிலைவிடப் பெரிய உதவி, மாறாத ஒரு விலாசம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும் அதுதான் வேண்டும்.

குளச்சல்காரன்:
அப்படியென்றால் அது அந்த அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. நாம் காசு போடப் போட அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் சொன்ன முகாம் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

முகாமில் பிறந்தவள்:
நான் சொல்லட்டுமா அண்ணா? நீங்கள் பெயர் சொன்ன நாலில் ஒன்றில்தான் பிறந்தேன். எங்களைச் சொல்லி அடுத்தவருக்குக் கொடுக்காதே என்பவர்கள் நிறைய. கேட் தாண்டி உள்ளே வந்தவர்கள் குறைவு. அரசு செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2021-ல் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். மாத உதவித்தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று உயர்த்தினார்கள். அதற்கு முன்னே தலைவருக்கே ஆயிரம்தான். எங்களுக்கு இல்லாதது குடியுரிமை. 1987 ஜூலை 1-க்கு அப்புறம் இங்கே பிறந்தவருக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லவே இல்லை. அகதிகளுக்கான 1951 ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்தே போடவில்லை. அதனால்தான் எங்கள் ஆட்கள் படகு ஏறுகிறார்கள். 2021-ல் கனடாவை நினைத்துக் கிளம்பி, இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் கையிலிருந்த டியேகோ கார்சியா தீவில் மாட்டியவர்களில் தமிழ்நாட்டு முகாம்காரரும் உண்டு. மூன்று வருஷம் கூடாரத்தில் இருந்தார்கள், பெரும்பாலோரை 2024 டிசம்பரில்தான் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். அப்படி ஒரு குடும்பம் அமெரிக்காவில் கரையேறியிருந்தால் தம்பி சொன்ன மாதிரி ஒரு வீட்டின் கதவைத்தான் தட்டியிருக்கும். அப்போதும் வேண்டாம் என்பீர்களா?

தக்கலை கணக்கர்:
நடுவில் ஒரு வறட்டு விஷயம். பதிவான அறக்கட்டளை வெளிநாட்டில் செலவழித்தால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி உத்தரவு இல்லாமல் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு கிடைக்காது. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) என்று குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வெளியிலிருந்து உள்ளே வரும் பணத்துக்கு. அனுப்ப ஆசைப்படுகிறவர்கள் தனித்தனியே தங்கள் பான் எண்ணைக் கொடுத்து வங்கி மூலம் அனுப்பலாம். அதற்கு நன்கொடைக்கான வருமானவரிச் சலுகை இல்லை. தம்பி, உங்கள் மன்றம் டிரஸ்டா சொசைட்டியா?

கருங்கல் தம்பி:
டிரஸ்ட். யாருக்கும் இது தோன்றவே இல்லை. அப்போ மன்றத்துப் பணம் இங்கேயே இருக்கட்டும், விருப்பமுள்ள நாங்கள் சிலர் சொந்தக் காசில் அனுப்பிக்கொள்கிறோம். முகாம் அக்கா, மன்றத்துப் பணத்தில் உங்கள் முகாமுக்கு என்ன செய்தால் உபயோகம்?

முகாமில் பிறந்தவள்:
அரிசி வேண்டாம், தையல் மெஷினும் வேண்டாம், அதெல்லாம் நிறைய வந்தாயிற்று. உங்கள் பணம் மருத்துவத்துக்குத்தானே? டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சிகிச்சை சர்க்கார் ஆஸ்பத்திரியில் நடந்துவிடும், வாரத்துக்கு மூன்று தடவை போய்வர வண்டிச் செலவுதான் மலைப்பு. வெளியாள் உள்ளே வர வருவாய்த்துறை அனுமதி வேண்டும், முதலில் அந்த மனுவை எழுதுங்கள்.

நெய்யூர் வாத்தியார்:
மனுவை நான் எழுதித் தருகிறேன். குளச்சல் அண்ணாச்சியும் கையெழுத்துப் போட வருவார் என்று நம்புகிறேன்.

குளச்சல்காரன்:
வருவேன் சார், வண்டியும் கொண்டுவருவேன். ஆனால் குவாத்தமாலா விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். தம்பி, சொந்தக் காசாக இருந்தாலும் அனுப்புமுன் அவர்களுடைய தணிக்கை அறிக்கையை வாங்கி இங்கே போடு. விமான டிக்கெட்டுக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்று பார்க்கணும்.