பொதுக்குழு அறிவிப்புக்கு வாட்ஸ்அப் மட்டும் போதுமா? ஓய்வு பெற்ற பேராசிரியர் சங்கத்தில் ஒரு விவாதம்

பொருளியல்_2009:
நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு அறிவிப்பு இம்முறை அஞ்சலில் வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் மட்டுமே வெளியிடப்பட்டது. அதே வாரத்தில் நிர்வாகிகள் மட்டும் பதிவிடலாம் என்று குழுவின் அமைப்பும் மாற்றப்பட்டது. தலைமை சொல்வதை உறுப்பினர் கேட்கலாம், உறுப்பினர் கேட்பதைத் தலைமையின் காதில் போட வழியில்லை என்ற நிலை இதனால் உருவாகியிருக்கிறது. நான் இதை எதிர்க்கிறேன்.

நம் நிலை அரசு ஓய்வூதியரின் நிலை அன்று. அவருக்குக் கருவூலம் இருக்கிறது. நமக்கு ஓய்வூதியம் பல்கலைக்கழகத்தின் நிதியிலிருந்து வருகிறது. அகவிலைப்படி உயர்வுக்கு அரசாணை வெளியான பிறகும் நிதி அலுவலகத்தின் ஆணைக்காக நாம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த ஆணை வந்ததா, நிலுவை எப்போது கிடைக்கும், உயிரோடிருப்பதைக் காட்டும் ஆயுள் சான்றை யாரிடம் கொடுப்பது என்பதெல்லாம் பெரும்பாலான உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் சுற்றறிக்கை வழியாகத்தான் தெரியவருகிறது. ஆகவே சுற்றறிக்கை எல்லோருக்கும் போய்ச் சேர்வதை நிர்வாக வசதியைப் பொறுத்த ஒன்றாகக் கருத முடியாது. சங்கம் நடத்துவதே அதற்காகத்தான்.

செயற்குழு_உறுப்பினர்:
ஐயா, தாங்கள் எழுதியதில் நியாயம் இருந்தாலும், முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்பதையும் உறுப்பினர்கள் அறிய வேண்டும். சுற்றறிக்கையை அச்சிட்டு, மடித்து, உறையில் முகவரி ஒட்டி, அஞ்சலகத்தில் சேர்ப்பவர்கள் எழுபது வயதைக் கடந்த மூன்று நான்கு பேர். சந்தாத் தொகை பல ஆண்டுகளாக உயர்த்தப்படவில்லை. அனுப்பிய உறைகளில் ஒரு பகுதி ‘முகவரியில் இல்லை’ என்ற குறிப்போடு ஒவ்வொரு முறையும் திரும்பி வருகிறது; வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு வெளியூர் சென்றவர்கள் புதிய முகவரியைத் தெரிவிப்பதில்லை.

வாட்ஸ்அப் குழு எல்லோரும் பதிவிடும்படி திறந்திருந்த நாட்களில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ஒரு மூத்த பேராசிரியரின் மறைவுச் செய்தி பண்டிகை வாழ்த்துப் படங்களுக்கு அடியில் புதைந்துபோனது. அஞ்சலி செலுத்தப் போக விரும்பியவர்கள் மறுநாள்தான் பார்த்தார்கள். 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கிய செய்தி வந்தபோது, நம் ஓய்வூதியமும் நின்றுவிட்டதாக யாரோ எழுத, அது இரவு முழுவதும் பரவியது. உறுப்பினர்களில் இதய நோயாளிகள் இருக்கிறார்கள். குழுவைக் கட்டுப்படுத்தியது யாருடைய வாயையும் அடைப்பதற்காக அன்று.

புள்ளியியல்_2014:
குழுவைக் கட்டுப்படுத்தியதை நான் ஆதரிக்கிறேன். நிர்வாகி மட்டும் பதிவிடும் ஏற்பாடு 2018 முதல் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. பல அமைப்புகள் அறிவிப்புக் குழுவை அப்படித்தான் நடத்துகின்றன. உரையாட விரும்புவோருக்கு வேறொரு குழுவைத் தொடங்கிக்கொள்ளலாம்.

ஆனால் குழுவில் சேராதவர்களுக்குச் செயலாளரின் கைபேசியிலிருந்து பிராட்காஸ்ட் பட்டியல் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) வழியாகவும் அறிவிப்பு அனுப்பப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அதை நம்பியிருக்க முடியாது. அனுப்புபவரின் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்த வழியில் செய்தி போய்ச் சேரும். சென்ற தேர்தலில் செயலாளர் மாறினார். புதியவருடைய எண்ணை எத்தனை மூத்த உறுப்பினர்கள் சேமித்திருப்பார்கள்? அனுப்பியவரின் திரையில் செய்தி போய்விட்டதாகத் தோன்றும், பெற வேண்டியவரின் திரையில் எதுவும் இருக்காது.

குடும்ப_ஓய்வூதியர்:
நான் பேராசிரியை அல்லேன். விலங்கியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவரின் மனைவி. அவர் மறைந்த பிறகு குடும்ப ஓய்வூதியம் பெறுகிறேன். சங்கத்தின் பட்டியலில் இன்றும் அவருடைய கைபேசி எண்தான் இருக்கிறது. அந்த எண்ணுக்குப் பணம் கட்டுவதை நிறுத்தி வெகுநாளாகிறது. தொடர்ந்து மூன்று மாதம் பயன்பாட்டில் இல்லாத எண்ணை நிறுவனம் துண்டித்துப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்று என் மகன் சொல்கிறான். அப்படியானால் என் பெயரில் அனுப்பப்படும் செய்தியை யார் படிக்கிறார்கள்?

எண்பது வயதைக் கடந்தால் ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும், குடும்ப ஓய்வூதியருக்கும் அது உண்டு என்பதை ஒரு திருமண வீட்டில் தற்செயலாகத்தான் கேள்விப்பட்டேன். எனக்கு அந்த வயது கடந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. விசாரித்தபோது, ஓய்வூதியக் கொடுப்பாணையில் என் பிறந்த தேதியே இல்லை, அதற்குச் சான்று கொடுத்தால்தான் கூடுதல் தொகை கணக்கிடப்படும் என்றார்கள். இப்படிப்பட்டவர்கள் உடனே சான்றை அனுப்புங்கள் என்று சங்கம் சுற்றறிக்கை விட்டிருந்ததாம், வாட்ஸ்அப்பில். கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம்தான் குடும்ப ஓய்வூதியம். அதில் வாழ்பவருக்கு இந்தத் தொகை சிறியதன்று.

செயற்குழு_உறுப்பினர்:
அம்மா, தங்கள் விவரத்தை இன்றே செயலாளருக்குத் தெரிவிக்கிறேன். நிலுவைக்கான விண்ணப்பத்தை எழுதித் தரவும் ஏற்பாடு செய்கிறோம். ஆனால் ஒன்று: உறுப்பினர் மறைந்த செய்தியும் துணைவரின் எண்ணும் குடும்பத்திலிருந்து வந்தால்தான் பட்டியலைத் திருத்த முடியும். வீடு வீடாகச் சென்று விசாரிக்கும் ஆள்பலம் எங்களிடம் இல்லை.

பொருளியல்_2009:
ஆள்பலம் இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் மறைந்த உறுப்பினருக்குச் சங்கம் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றி, அதன் படியைக் குடும்பத்துக்கு அனுப்பி வைக்கிறது. அந்தக் கடிதத்தோடு ஒரு சிறு படிவத்தையும் வைத்து, துணைவரின் பெயர், பிறந்த தேதி, எண், முகவரி ஆகியவற்றைக் கேட்டிருந்தால், இந்த அம்மாவின் பிறந்த தேதி எப்போதோ நிதி அலுவலகத்துக்குப் போயிருக்கும். அதற்குக் கூடுதல் ஆள் தேவையில்லை.

செலவைப் பற்றி: இருபது கிராம் வரையிலான சாதாரணக் கடிதத்துக்கு அஞ்சல் தலை 5 ரூபாய். ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ ஐந்து கிராம். இரண்டு தாளும் உறையும் அந்த எடைக்குள் அடங்கிவிடும். எல்லோருக்கும் அனுப்ப வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. எண்பது வயது கடந்தவர்கள், குடும்ப ஓய்வூதியர்கள், கைபேசி எண் தராதவர்கள் ஆகியோருக்கு ஆண்டில் நான்கு முறை அச்சுச் சுற்றறிக்கை, அனைவருக்கும் பொதுக்குழு அறிவிப்பு. இதற்குச் சந்தாவை உயர்த்த வேண்டுமானால் உயர்த்துங்கள். பொதுக்குழுவில் நானே அதை ஆதரித்துப் பேசுகிறேன்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். நாம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ்ப் பதிவு செய்யப்பட்டவர்கள். நம் துணைவிதி, அதாவது சங்கத்தின் உள்விதி, பொதுக்குழு அறிவிப்பை உறுப்பினரின் முகவரிக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும் என்று கூறுகிறது. அதை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு 21 நாள் முன்னறிவிப்பும், வந்து வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கு ஆதரவும் தேவை. செயற்குழு தன் கூட்டத்தில் முடிவெடுத்து அஞ்சலைக் கைவிட முடியாது. நாளைக்கு யாராவது ஒருவர், தனக்கு அறிவிப்பே வரவில்லை என்று மாவட்டப் பதிவாளரிடம் எழுதினால், அந்தப் பொதுக்குழுவில் ஏற்கப்பட்ட கணக்கும் நடந்த தேர்தலும் கேள்விக்குள்ளாகும்.

புள்ளியியல்_2014:
துணைவிதி அப்படிக் கூறினால் அறிவிப்பு அஞ்சலில் போக வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இதைக் காரணமாக வைத்துக் குழுவைப் பழையபடி திறந்துவிடச் சொல்வது வேறு கோரிக்கை. திறந்த குழுவில் ஒலிப்பது எப்போதும் பத்துப் பதினைந்து பேரின் குரல்தான். அதை உறுப்பினர்களின் கருத்து என்று சொல்ல முடியாது.

தமிழ்_1998:
நான் எண்பது கடந்தவன். பேரனின் உதவியோடு இதை எழுதுகிறேன். குழு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் எனக்கு ஒன்றுதான். சிறிய எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் சங்கத்துக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை என்பதே என் குறை. மருத்துவக் காப்பீட்டில் என் மனைவியின் பெயர் விடுபட்டிருப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். முடியாது என்றாவது ஒரு வரி எழுதியிருந்தால் நானே பல்கலைக்கழகத்துக்குச் சென்றிருப்பேன். தலைவர் பதவிக்கு வருபவர்கள் கல்விப் பணியில் எவ்வளவு புகழ் பெற்றவர்கள் என்று நாம் பார்க்கிறோம். வரும் கடிதத்துக்கு ஒரு வாரத்தில் பதில் எழுதுவார்களா என்றும் பார்க்க வேண்டும்.

பொருளியல்_2009:
ஐயா சொன்னதுதான் என் கோரிக்கையின் மையம். புள்ளியியல் நண்பருக்கு என் பதிலும் அதுவே. குழுவில் எல்லோரும் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. உறுப்பினர் கேட்டது பதிவேட்டில் ஏறி, யார் பதில் சொல்ல வேண்டும் என்று குறிக்கப்பட்டு, அடுத்த செயற்குழுவில் படிக்கப்பட வேண்டும். கேள்வியும் பதிலும் சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில், பெயர் இல்லாமல் வரட்டும். காப்பீட்டில் பெயர் விடுபட்ட சிக்கல் ஐயா ஒருவருக்கு மட்டும் இருக்காது.

வதந்தி பரவிய இரவைச் செயற்குழு நண்பர் எடுத்துக்காட்டினார். அன்றிரவு தலைமையிலிருந்து ஒருவர், ‘நம் கணக்குகளில் சிக்கல் இல்லை, நாளைக் காலை நிதி அலுவலரிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்று எழுதியிருந்தால் அது அங்கேயே அடங்கியிருக்கும். உறுப்பினர் பேசியதால் மட்டும் அது பரவவில்லை. பதில் சொல்ல வேண்டியவர் பேசாதிருந்ததாலும் பரவியது.

செயற்குழு_உறுப்பினர்:
அன்றிரவு தலைவர் மருத்துவமனையில் இருந்தார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவர் இல்லாதபோது யார் பேசுவது என்று வரையறுக்கப்படவில்லை என்பதும் உண்மை. அறிவிப்பை மீண்டும் அஞ்சலில் அனுப்பி, பொதுக்குழுத் தேதியைத் தள்ளி வைக்கச் செயலாளரிடம் பரிந்துரைக்கிறேன். இரங்கல் கடிதத்தோடு படிவம் வைப்பதையும், கடிதப் பதிவேட்டையும் ஏற்கிறேன். ஆண்டில் நான்கு அச்சுச் சுற்றறிக்கைகளுக்கு இப்போதைய நிதிநிலையில் என்னால் சம்மதிக்க இயலாது. இரண்டுக்கு மேல் தாங்காது என்பது என் கணிப்பு.

பொருளியல்_2009:
நான்கு என்ற எண்ணை நான் குறைக்கவில்லை. ஓய்வூதியர்களுக்கு அகவிலைப்படி ஆண்டில் இருமுறை மாறுகிறது, ஆயுள் சான்றுக்கு ஒரு முறை, பொதுக்குழுவுக்கு ஒரு முறை எழுதித்தான் ஆக வேண்டும். சந்தா உயர்வும் இதுவும் ஒரே தீர்மானமாக வரட்டும். முன்மொழிபவனாக என் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்த்துறை ஐயா வழிமொழியச் சம்மதித்தால் அவருடைய கையெழுத்தை இந்த வாரமே நேரில் சென்று பெற்று வருகிறேன்.