பாம்பன் பாலத்தில் முன்சக்கரம் விலகுவது ஏன்: ஃபேரிங்கா, வடிவமைப்பின் நோக்கமா?

மண்டபம்_பயணி:
ஆடி மாதத்தில் மண்டபத்திலிருந்து பாம்பனுக்குச் சாலைப் பாலத்தில் செல்லும்போது, நடுமேட்டை நெருங்கியதும் என் வண்டியின் முன்பகுதி இடப்புறமாக விலகிப் போகிறது. முழு ஃபேரிங் (காற்றைக் கிழித்துப் போக வண்டியை மூடும் உறை) போட்ட சிறிய ஸ்போர்ட் பைக். எடை 140 கிலோவைச் சற்றுத் தாண்டும். அதே காற்றில் எனக்கு முன்னே போகும் ஃபேரிங் இல்லாத பழைய வண்டிகள் சலனமில்லாமல் போகின்றன. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் இந்தக் கரைக்கு ஃபேரிங்கே பொருந்தாது, அழகுக்காக வாங்கிவிட்டு அவதிப்படுகிறோம் என்பது என் முடிவு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டும்.

தொண்டி_இயந்திரவியல்:
காரணத்தோடுதான் மறுக்கிறேன், ஆனால் பாதியைத்தான். பக்கக் காற்றின் விசை முழுவதும் ஒரே புள்ளியில் வந்து தாக்குவதாகக் கொண்டால், ஃபேரிங் வண்டியில் அந்தப் புள்ளி எடைமையத்துக்கு முன்னாலும் சற்று மேலேயும் அமைகிறது. பாயை முன்னே தள்ளிக் கட்டிய வள்ளம் காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்புவது போல, வண்டியும் காற்றைவிட்டு விலகித் திரும்பப் பார்க்கிறது. பந்தய உலகம் இதை வெகுநாளைக்கு முன்பே பட்டறிந்தது. 1950களில் முன்சக்கரத்தையும் சேர்த்து மூடிய 'டஸ்ட்பின்' ஃபேரிங்குகள் நேர்வேகத்தைக் கூட்டினாலும் பக்கக் காற்றில் ஆபத்தாக இருந்ததால், சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பு 1958 முதல் அவற்றைத் தடை செய்தது. இன்றைய ஃபேரிங் முன்சக்கரத்தைத் திறந்து விட்டிருப்பது அந்தப் பாடத்தால்தான். ஆகவே குற்றம் ஃபேரிங் இருப்பதில் இல்லை. எவ்வளவு பரப்பு, எங்கே, எத்தனை கிலோவின் மீது என்பதில் இருக்கிறது.

உச்சிப்புளி_வேகன்:
அப்படியானால் சுசுகியின் பெரிய பைக்கான ஹயபூசாவின் கதை என்ன? ஃபேரிங்கின் பரப்பில் அதற்கு இணையான வண்டிகள் சிலவே. அதன் உரிமையாளர்கள் நெடுஞ்சாலையில் அது பாறைபோல் நிற்பதாகச் சொல்கிறார்கள். பயணி அண்ணன் காற்றைப் பழிப்பதை விட்டு ஓட்டும் முறையைத் திருத்திக்கொள்ளலாம். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் உடலில் படும் காற்றும் கைவழியே ஸ்டியரிங்குக்குப் போகும். காற்று வலப்புறமிருந்து வந்தால் வலக் கைப்பிடியை மெதுவாக முன்னே தள்ள வேண்டும். வண்டி காற்றை நோக்கிச் சாய்ந்து நேராகப் போகும்.

தொண்டி_இயந்திரவியல்:
தம்பி சொன்ன உதாரணம் என் பக்கத்துக்கே சாட்சி. இப்போதைய ஹயபூசா 264 கிலோ, சக்கர இடைவெளி 1480 மி.மீ. பயணியின் வண்டியைவிட அதன் பக்கப் பரப்பு எடையின் அளவுக்கு மிகுந்துவிடவில்லை. அதே காற்று அதே அளவு தள்ளினாலும், கனமும் நீளமும் உள்ள வண்டி மெதுவாகத்தான் விலகும். எதிர்முனையில் யமஹாவின் ஸ்போர்ட் பைக் ஆர்1-ஐப் பாருங்கள்: சக்கர இடைவெளி 1405 மி.மீ., எடை சுமார் 200 கிலோ. டுகாட்டியின் பனிகாலே வி4-இல் கிராங்க்ஷாஃப்ட் (என்ஜினுக்குள் சுழலும் முதன்மைத் தண்டு) சக்கரங்கள் சுழலும் திசைக்கு எதிராகச் சுழல்கிறது. சக்கரங்களின் சுழலோட்ட நிலைப்பு (சுழலும் சக்கரம் எளிதில் சாயாமல் நிற்கும் குணம்) ஓரளவு ஈடாகி, வளைவில் வண்டி சட்டென்று சாய வேண்டும் என்பதே நோக்கம். ஓட்டுபவர் சொன்னவுடன் திரும்பும்படி செய்த வண்டிக்குக் காற்று சொன்னாலும் கேட்கத் தெரியும். பந்தயத் தடத்தில் அது குணம், பாம்பனில் அதுவே குறை.

உச்சிப்புளி_வேகன்:
தடத்திலும் காற்று அடிக்கத்தான் செய்கிறது. வேகத்தைக் குறைத்தால் தீர்ந்தது.

தொண்டி_இயந்திரவியல்:
குறையும், தீராது. காற்று மணிக்கு 40 கி.மீ. வீசுகிறது, வண்டி 80-இல் போகிறது என்று கொள்வோம். இரண்டும் சேர்ந்து சுமார் 89 கி.மீ. வேகக் காற்றாக, முன்னிருந்து ஏறத்தாழ 27 பாகை சாய்வில் வந்து மோதும். அதே காற்றில் 40-இல் போனால் 57 கி.மீ., 45 பாகை. பக்கவிசையைத் தோராயமாகக் கணக்கிட்டால் 80-இல் இருப்பது 40-இல் இருப்பதைப் போல 1.6 மடங்கு. ஆனால் வேகம் பாதியானால் சக்கரங்களின் சுழலோட்டமும் பாதியாகிவிடும். நடைவேகத்தில் தள்ளாடும் வண்டிக்கு மெதுவாகப் போவது எப்போதும் மருந்தாகாது. இதைவிடக் கொடியது பஸ். காற்றுக்கு எதிராக வலப்புறம் சாய்ந்து போகும்போது எதிரே வரும் பஸ் காற்றை ஒரு கணம் மறைத்துவிடும். சாய்வு மட்டும் மிஞ்ச, வண்டி பஸ்ஸை நோக்கியே போகும். காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயில் பாலத்தில் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். நமக்கு அப்படி யாரும் சிக்னல் போடுவதில்லை.

கீழக்கரை_பட்டறை:
நீங்கள் இருவரும் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருப்பதாக எண்ணிப் பேசுகிறீர்கள். என் பட்டறைக்கு வருபவை உப்புக் காற்றில் நின்ற வண்டிகள். தனுஷ்கோடிவரை போய், மணலும் உவர்நீரும் தெறித்து, கழுவாமல் நிறுத்தப்பட்டவை. ஸ்டியரிங் திரும்ப உதவும் குண்டு பேரிங்கான கோன் செட்டின் கிரீஸ் வற்றித் துரு ஏறிய பின், நேராக ஓட்டும் நிலையிலேயே குண்டுகள் அழுந்தி அங்கே ஒரு பள்ளம் விழுந்துவிடும். பிறகு ஸ்டியரிங் அந்தப் பள்ளத்திலிருந்து தாண்டித்தான் அசையும். நுணுக்கமான திருத்தம் எதுவும் செய்ய இயலாது. முன்சக்கரத்தைத் தானாக நேராக்கும் ரேக் கோணமும் (ஸ்டியரிங் அச்சின் சாய்வு) டிரெயிலும் (அந்த அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் சக்கரம் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) எத்தனை நேர்த்தியாக இருந்தாலும், தானாக நேராகும் அந்தக் குணம் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். அந்தப் பழைய வண்டிகளுக்குச் சொந்தக்காரர்கள் கோன் செட்டை மாற்றியிருப்பார்கள். அதையும் ஃபேரிங் கணக்கில் எழுதிவிட்டீர்கள். பயணித் தம்பி, சென்டர் ஸ்டாண்ட் இல்லாவிட்டால் ஒருவரைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, முன்சக்கரம் தரையில் படாத நிலையில் ஹேண்டில்பாரை ஒரு விரலால் இருபுறமும் திருப்பிப் பாருங்கள்.

மண்டபம்_பயணி:
பார்த்தேன், காக்கா. நடுவில் வந்ததும் 'டக்' என்று உட்காருகிறது. ஒரு விரலால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. ஃபேரிங்கைப் பற்றி எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மீதிப் பாதியை, எடையையும் பரப்பையும் பற்றித் தொண்டி அண்ணன் சொன்னதற்காக, விட்டுவைக்கிறேன்.

உச்சிப்புளி_வேகன்:
கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே அண்ணே.

மண்டபம்_பயணி:
இறுக்கித்தான் பிடிக்கிறேன், தம்பி. அந்த மேட்டில் கீழே கடலைப் பார்த்துவிட்டுத் தளர்த்திப் பிடிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

கீழக்கரை_பட்டறை:
சனிக்கிழமை கொண்டு வாருங்கள். உள்ளே பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து, கோன் செட்டைப் புதிதாக மாற்றி, நீர்தாங்கும் கிரீஸ் வைத்துத் தருகிறேன். பிறகு பஸ் ஓட்டம் குறைந்த விடிகாலையில் ஒருமுறையும் மதியக் காற்றில் ஒருமுறையும் ஓட்டிவிட்டு, எந்த நேரத்தில் எவ்வளவு விலகியது என்று இங்கேயே எழுதுங்கள்.