கார்த்தி வீட்டு வாளி

(குழு: காவேரிக்கரை சொந்தங்கள்)

செல்வி அத்தை: கார்த்தி, நேற்று வீடியோ காலில் உன் பின்னால் ஒரு வெள்ளை வாளி இருந்ததே, மூடி மேல் குழாய் சொருகி? பொளக் பொளக் என்று சத்தம் வேறு. என்னடா அது?

கார்த்தி: பியர் அத்தை. நானே போட்டது. 19 லிட்டர்.

செல்வி அத்தை: அட கடவுளே. மினசோட்டா போய் சாராயம் காய்ச்சுகிறாயா?

தேன்மொழி: அத்தை, குரூப்பில் பெரியப்பா இருக்கிறார் 😂

பெரியப்பா: படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கார்த்தி: சாராயம் வடிப்பது வேறு அத்தை. இது முளைகட்டி உலர்த்திய பார்லி. வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, சாற்றை இறுத்து, ஹாப்ஸ் என்கிற பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் தூவி மூடிவிட வேண்டியது. உங்கள் இட்லி மாவு பொங்குகிற மாதிரிதான். காற்று வெளியே போகிற சத்தம் அது.

செல்வி அத்தை: என் மாவோடு அதைச் சேர்க்காதே.

பாலு மாமா: சட்டப்படி சரிதானா?

கார்த்தி: இங்கே சரி மாமா. 1933இல் அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்தபோது வீட்டில் ஒயின் போட வழி விட்டார்கள், பியர் விட்டுப்போனது. 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்டுத்தான் அதுவும் வந்தது. வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தால் வருடத்துக்கு 200 கேலன் வரை போடலாம். விற்கக் கூடாது. சாராயம் வடித்தால் மட்டும் உள்ளே போட்டுவிடுவார்கள்.

பெரியப்பா: 200 கேலன் என்றால் 750 லிட்டருக்கு மேல். குடிக்கவா, குளிக்கவா? சரி, கணக்குச் சொல். கடையில் வாங்குவதைவிட மலிவா?

கார்த்தி: அதைச் சொல்லித்தான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள் பெரியப்பா. நானும் வீட்டில் அதைச் சொல்லித்தான் வாளி வாங்கினேன். அப்புறம் பெரிய பாத்திரம், வெப்பமானி, பாட்டிலுக்கு மூடி அடிக்கிற கருவி... இரண்டு வருடமாகியும் போட்ட காசு திரும்பவில்லை.

தேன்மொழி: பிறகு எதற்கு இந்தப் பாடு?

கார்த்தி: கடையில் காபித்தூள் பாக்கெட் ஏன் வாங்குவதில்லை என்று அத்தையைக் கேள்.

செல்வி அத்தை: பாக்கெட்டா? சிக்கரியைக் கொட்டி வைத்திருப்பான். பிளாண்டேஷன் முக்கால், பீபெரி கால், எதிரே நின்று வறுத்து அரைத்து வாங்கினால்தான் டிகாக்ஷன் டிகாக்ஷனாக இருக்கும்.

கார்த்தி: அதேதான் அத்தை. கேஸ்கேட் என்று ஒரு ஹாப்ஸ், நாரத்தை இலையைக் கசக்கின மாதிரி வாசனை. நாளாக ஆக அது மங்கிவிடும். கடை பாட்டில் எத்தனை மாதம் கிடந்ததோ யார் கண்டது? நான் போட்டால் கசப்பும் வாசனையும் என் கை அளவு. அப்புறம் இங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டு, வெளியே பனி. நண்பர்கள் இரண்டு பேர் வருவார்கள். பாதி நாள் பாத்திரம் கழுவுவதிலேயே போகும், பேச்சும் ஓடும். உண்மையைச் சொன்னால், நான் குடிப்பதைவிடக் கொடுப்பதுதான் அதிகம்.

பாலு மாமா: கெட்டுப்போகாதா?

கார்த்தி: கழுவியது சரியில்லை என்றால் புளித்துவிடும். போன வருடம் நடந்தது வேறு. பாட்டிலில் நுரை வருவதற்குக் கொஞ்சம் சர்க்கரை போட வேண்டும், லிட்டருக்கு ஆறேழு கிராம். நான் கண்ணளவில் போட்டேன். நடுராத்திரி அலமாரிக்குள் தீபாவளி. நான்கு பாட்டில் வெடித்து, குளிர்காலக் கோட்டு முழுக்கப் பியர். மறுநாள் அதைத்தான் மாட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன்.

முரளி: மாமா, கும்பகோணத்தில் ஒரே ஒரு வாளி?

பாலு மாமா: ஒரு சொம்புகூடக் கூடாது. 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது. என்னை ஜாமீனுக்கு அலையவைக்காதே.

கார்த்தி: சட்டம் விட்டாலும் வெயில் விடாது முரளி. நான் போடுகிற ஈஸ்டுக்கு 20 டிகிரி பக்கம் இருக்க வேண்டும். நம் ஊர்ச் சித்திரையில் போட்டால் நெயில் பாலிஷ் வாடைதான் வரும்.

பெரியப்பா: அந்தப் பார்லிச் சக்கையை என்ன செய்கிறாய்?

கார்த்தி: கொஞ்சம் ரொட்டி மாவில் சேர்ப்பேன். மிச்சம் எருக்குழி. ஈரத்தோடு எட்டு கிலோவாவது இருக்கும்.

பெரியப்பா: அடப்பாவி! தவிடு விற்கிற விலையில் எட்டு கிலோவை மண்ணில் கொட்டுகிறானாம். மாடு கண்டால் விடுமா?

கார்த்தி: இங்கேயும் பியர் ஆலைச் சக்கை மாட்டுப் பண்ணைக்குத்தான் போகும் பெரியப்பா. என்னிடம் மாடு இல்லையே.

செல்வி அத்தை: கார்த்தி, அந்த வாளியைக் கொஞ்சம் தள்ளி வை. அதற்கு நேர் மேலே சாமி படம் தெரிந்தது.