118ஐத் திரும்பக் கொடுத்தால் என்ன என்று கேட்டவருக்கு

பழைய டெஸ்டர்:
நேற்று இங்கே ஒரு தங்கச்சி நியாயமான கேள்வி கேட்டிருந்தார். மருத்துவக் கருவி செய்யும் வெளிநாட்டு வாடிக்கையாளர், கிட்டத்தட்ட 600 ரிக்வயர்மென்ட் (கருவி என்னென்ன செய்ய வேண்டும் என்ற தேவைகள்), எந்த மென்பொருளில் வைத்துப் பராமரிப்பது என்று. அதற்கு வெள்ளவத்தை விசை கொடுத்த பதில்: "எக்செல் போதும். 118ஆவது தேவை வேண்டாம் என்றால் அழித்துவிட்டு, அடுத்து வருவதற்கு 118 என்று போடுங்கள். எண் வரிசைக்குத்தானே."

வாசித்த பிறகு எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. பதினான்கு வருடமாக டெஸ்டிங்கில் இருக்கிறேன். ஒரு தேவைக்குக் கொடுத்த எண் அந்தத் தேவையோடேயே சாக வேண்டும். தேவைகளைப் பராமரிக்கவே செய்த டோர்ஸ் என்ற மென்பொருளில் ஒன்றை அழித்தால் அதன் எண் வேறு எதற்கும் போகாது. பொழுது போகாமலா அப்படிக் கட்டினார்கள்?

வெள்ளவத்தை விசை:
அண்ணைக்குச் சாப்பாடு இறங்காததற்கு நான் பொறுப்பில்லை. டோர்ஸ் 90களில் பிறந்த சாமான். 2008இல் அதை விற்றுவந்த ரெலிலொஜிக் நிறுவனத்தை ஐபிஎம் வாங்கியபோது கூடவே வந்தது. அதன் திரையைப் பார்த்தால் அப்பாவின் பழைய கந்தோர்தான் ஞாபகம் வரும். விமானம் கட்டுகிறவனுக்குச் சரி. தெமட்டகொடையில் ஐந்து பேர் ஒரு மேசையில் இருந்து வேலை செய்கிற இடத்துக்கு அது எதற்கு?

மருதானை ஸ்க்ரம்:
இந்தக் காலத்திலும் ரிக்வயர்மென்ட் என்று கதைக்கிறீர்களா? பயனருக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரியில் யூசர் ஸ்டோரி எழுதி, வேலைப் பட்டியல் வைக்கும் ஜிராவில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

பழைய டெஸ்டர்:
ஸ்க்ரம் தம்பி, ஜிராவிலும் அழித்த எண் திரும்ப வராது. வேறு புரொஜெக்டுக்கு நகர்த்தினால் புது எண் வரும், ஆனால் பழைய எண்ணைத் தட்டினாலும் அதே இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும். ஆகவே நீரும் என் பக்கம்தான்.

இனி 118 கதைக்கு வருகிறேன். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஏன் ஏறியது தெரியுமா? முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) இதே மாதிரி ஒரு கருவி வேலை. எக்செல்தான். அபாய ஒலி எத்தனை விநாடிக்குள் ஒலிக்க வேண்டும் என்று ஒரு தேவை இருந்தது. அதை இரண்டாகப் பிரித்து வேறு எண்களில் எழுதிவிட்டுப் பழைய வரியை அழித்தார்கள். காலியான எண்ணை யாரோ ஒரு கெட்டிக்காரர் மொழித் தெரிவுத் திரைக்குக் கொடுத்தார். டெஸ்ட் கோப்பில் அந்த எண்ணுக்கு எதிரே ஏற்கெனவே "பாஸ்" இருந்தது. அது அப்படியே மொழித் திரைக்குப் பாஸ் ஆகிவிட்டது. இடர் பட்டியலில் இருந்த பாதுகாப்பு நடவடிக்கையும் அதே எண்ணைக் காட்டியது. மொழித் தெரிவு நோயாளியை எப்படிக் காப்பாற்றும் என்று வாடிக்கையாளரின் ஓடிட்டர் கேட்டார். மூன்று இரவு, கொத்து ரொட்டி வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகத் திருத்தினோம்.

மருத்துவக் கருவி மென்பொருளுக்கான ஐஈசி 62304 என்ற தரநிலை கேட்பதே இந்தத் தொடர்பைத்தான். தேவை, அதற்கான சோதனை, அது கட்டுப்படுத்தும் இடர், மூன்றும் ஒன்றையொன்று காட்ட வேண்டும். எண்ணை மாற்றிக் கொடுத்தால் எல்லாம் காட்டும், பொய்யாக.

வெள்ளவத்தை விசை:
அது எக்செல்லின் பிழையா, பேஸ்லைன் எடுக்காதவர்களின் பிழையா? ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கோப்பை மூடி வைத்திருந்தால் எந்த 118 எந்தப் பதிப்பின் 118 என்று தெரிந்திருக்கும். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

பழைய டெஸ்டர்:
அதாவது ஒவ்வொரு முறையும் "எந்தப் பதிப்பின் 118?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் இறந்தால் அவருடைய அடையாள அட்டை இலக்கத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்களா?

வெள்ளவத்தை விசை:
நல்ல உதாரணம் பிடித்தீர்கள். அதே அடையாள அட்டை இலக்கத்தைத்தான் 2016இல் மாற்றினார்கள். இலங்கை அட்டையில் 9 இலக்கமும் வீ என்ற ஆங்கில எழுத்தும் இருந்தது, இப்போது 12 இலக்கம்.

பழைய டெஸ்டர்:
நீளத்தை மாற்றினார்கள், ஆளை மாற்றவில்லை. பழையதற்கு முன்னால் 19 போட்டு, பிறந்தது வருடத்தின் எத்தனையாவது நாள் என்று குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பின்னால் ஒரு பூச்சியம் போட்டு, எழுத்தை எடுத்துவிட்டால் புதியது வந்துவிடும். இதுதான் தொடர்பு அறாமல் எண் மாற்றும் முறை. வகுப்பு எடுத்ததற்குக் காசு வேண்டாம்.

கொள்ளுப்பிட்டி குறியீடு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்த இலக்கத்தில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். அதனால் லீப் இல்லாத வருடத்தில் மார்ச் 1இல் பிறந்தவருக்கும் 061. பெண்ணாக இருந்தால் 500 கூட்டி 561. இதைத் தெரியாமல் படிவம் செய்து ஒரு கிழமை வீணாக்கினேன்.

கேள்வி கேட்டவள்:
ஐயோ, நான் மார்ச்சில் பிறந்தவள். என் இலக்கத்தில் ஒரு நாள் கூட இருப்பது பிழை என்று இவ்வளவு காலம் நினைத்தேன்! சரி, எந்த மென்பொருள் என்று யாராவது சொல்வீர்களா? வெள்ளிக்கிழமை மனேஜரிடம் சொல்ல வேண்டும்.

பழைய டெஸ்டர்:
சொல்கிறேன் தங்கச்சி. அதற்கு முன் குறியீடு சொன்னதையும் பாருங்கள். எண்ணுக்குள் அர்த்தத்தை அடைத்தால் இதுதான் நடக்கும். "லொகின்-07" என்று பெயர் வைப்பீர்கள், ஆறு மாதத்தில் அந்தத் தேவை வேறு மொடியூலுக்குப் போகும், எண் பொய் சொல்லும். வெறும் எண்தான் நல்லது. கொடுத்த பிறகு தொடக்கூடாது. முக்கியமாக 118ஐ.

மருதானை ஸ்க்ரம்:
அண்ணை அந்த 118ஐ வீட்டுக்குக் கொண்டுபோய் சாமி அறையில் வைக்கலாம்.

வெள்ளவத்தை விசை:
எக்செல் மாதிரி அங்கே வரிசைப்படுத்தும் பட்டன் இல்லை என்பதுதான் அண்ணைக்கு நிம்மதி.

பழைய டெஸ்டர்:
சிரியுங்கள். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் 15,841 கொரோனா தொற்றாளர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது எக்செல்லினால்தான்.

வெள்ளவத்தை விசை:
பழைய கோப்பு வடிவத்தினால். அதில் 65,536 வரிதான் கொள்ளும், புதியதில் பத்து லட்சத்துக்கு மேல். தங்கச்சியிடம் இருப்பது 600. கணக்குத் தெரிந்த டெஸ்டர் இங்கே யாராவது உண்டா?

பழைய டெஸ்டர்:
போன வருடம் பாமினி எழுத்துருவே போதும், யூனிகோட் எதற்கு என்று இரண்டு நாள் வாதாடியவரும் நீர்தானே? உமக்கு எல்லாமே "போதும்".

வெள்ளவத்தை விசை:
அதை இங்கே இழுப்பீர்கள் என்று தெரியும். பாமினியில் தட்டும் வேகத்தைப் பற்றித்தான் சொன்னேன். விசைப்பலகை வேறு, குறியாக்கம் வேறு என்று அன்றைக்கும் உங்களுக்கு விளங்கவில்லை.

கொள்ளுப்பிட்டி குறியீடு:
தங்கச்சி, இவர்கள் முடிக்க மாட்டார்கள். தேவைகளைப் பராமரிக்கும் மென்பொருள்களான போலாரியன், ஜாமா இரண்டையும் பாவித்துப் பார்க்கத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மென்பொருளில் இருந்து இன்னொன்றுக்குத் தேவைகளைக் கொண்டுபோகும் ரெக்ஐஎஃப் வடிவில் வெளியே எடுக்க முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள், நாளைக்கு மாற வேண்டி வந்தால் அதுதான் கைகொடுக்கும். முதலில் வாடிக்கையாளர் எதில் வைத்திருக்கிறார் என்று கேட்டீர்களா?

கேள்வி கேட்டவள்:
கேட்டேன் அண்ணா. எக்செல் அனுப்பியிருக்கிறார்கள். அதில் 118 இரண்டு தடவை இருக்கிறது.

பழைய டெஸ்டர்:
பார்த்தீரா!

வெள்ளவத்தை விசை:
பார்த்தேன். மருத்துவக் கருவி செய்கிறவனே எக்செல்தான் பாவிக்கிறான்.