வெர்னனுக்கு யார் போவது?

அம்மா: குட்டியின் ஐஸ் ஹொக்கி அணி ஒன்ராறியோவில் வென்றுவிட்டது! எஸ்ஸோ கப்புக்குப் போகிறார்கள். ஏப்ரல் கடைசிக் கிழமை, பிரிட்டிஷ் கொலம்பியாவில், வெர்னனில். அணியோடுதான் போவாள், ஆனாலும் எங்கட ஆள் ஒருவர் அங்கே நிற்க வேண்டும். எனக்கு லீவு இல்லை.

மார்க்கம் சித்தி: என் செல்லமே!!

பெரியம்மா: எந்த நாள் முடியும்?

அம்மா: ஃபைனல் சனி.

பெரியம்மா: சனி அப்பாவின் திவசம்.

மார்க்கம் சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மொன்றியல் மாமா: நான் போகிறேன். முதலில் எல்லோரும் விளங்கிக்கொள்ளுங்கள், இது சும்மா ஒரு போட்டி இல்லை. 18 வயதுக்கு உட்பட்ட பெண்கள் கிளப் அணிகளுக்குக் கனடா முழுவதற்குமான சாம்பியன்ஷிப். 2009இல் கல்கரியில் தொடங்கியது. அற்லான்டிக், கியூபெக், ஒன்ராறியோ, மேற்கு, பசிபிக் சாம்பியன்கள் ஐந்து, போட்டி நடக்கும் இடத்து அணி ஒன்று. மற்ற ஐந்தோடும் ஆட வேண்டும். முதல் நான்கும் அரையிறுதிக்கு. கடைசிவரை போனால் ஒரு கிழமைக்குள் 7 ஆட்டம்!

பெரியம்மா: தம்பி, ஒற்றை ஆண்பிள்ளை நீ. போன வருஷமும் ஸ்னோ என்று பின்னேரம் வந்தாய். ஐயர் போய்விட்டார்.

மொன்றியல் மாமா: 401 நெடுஞ்சாலை மூடிக் கிடந்தது அக்கா

பெரியம்மா: மற்றவர்கள் வந்தார்கள்தானே

நான்: மற்றவர்கள் பக்கத்தில், ஸ்காபரோவில் இருந்து வந்தவர்கள் பெரியம்மா

மார்க்கம் சித்தி: எங்கட அம்மா, குட்டியின் அம்மம்மா, பக்கத்தில் இருந்து கேட்கிறா, பிள்ளையை இடித்து விழுத்த மாட்டார்களா?

மொன்றியல் மாமா: பெண்கள் ஆட்டத்தில் வேண்டுமென்று உடம்பால் இடிக்க விடமாட்டார்கள். இடித்தால் 2 நிமிடம் தண்டனைப் பெட்டிக்குள் இருக்க வேண்டும், அதுவரை அந்த அணிக்கு ஒரு ஆள் குறைவு. முகத்துக்கு முழுக் கம்பிவலை, கழுத்துக்கும் காப்பு. குட்டி கோல் காப்பவள், அவளுக்குக் கஷ்டம் வேறு. பக், அதுதான் அடிக்கும் வட்டு, 170 கிராம் கெட்டி ரப்பர், துள்ளாமல் இருக்க உறைய வைத்துத்தான் எடுப்பார்கள். கோலுக்கு முன்னால் இரண்டு மூன்று பேர் மறைத்துக்கொண்டு நிற்பார்கள். இவள் நன்றாகக் குனிந்து அவர்களுடைய கால்களுக்கு இடையால் பார்ப்பாள். பக் தெரிந்ததும் இரண்டு முழங்காலும் ஐஸில். நான் மூச்சு விட மறந்து பார்த்திருக்கிறேன்.

மார்க்கம் சித்தி: அம்மா "சரி" என்கிறா. பாதிதான் விளங்கியிருக்கும்

நான்: அந்தக் கையுறைகள் ஹீற்றருக்கு மேல் காயும்போது எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள்

குட்டி: அண்ணா!!!

பெரியம்மா: பரதத்தை விட்டபோது ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. சரி, வாழ்த்துகள் குட்டி.

குட்டி: தாங்ஸ் பெரியம்மா

அம்மா: அக்கா, அது ஐந்து வருஷக் கதை

மொன்றியல் மாமா: காலை 6 மணிப் பயிற்சிக்கு அவளை முதலில் கூட்டிக்கொண்டு போனதே அப்பாதான். 1993இல் மொன்றியல் ஸ்டான்லி கப் வென்ற இரவு என்னோடு நித்திரை முழித்துப் பார்த்த மனிதர். ரொறன்ரோ லீஃப்ஸ் அணி ஆட்களுக்கு அது விளங்காது, அவர்கள் கடைசியாக வென்றது 1967.

நான்: தொடங்கிவிட்டார்

மார்க்கம் சித்தி: சனி சமையல் யார்?

அம்மா: திதியை ஞாயிறுக்கு மாற்றலாமா அக்கா?

பெரியம்மா: திதியை மாற்ற அது என்ன பிறந்தநாளா

குட்டி: ஃபைனலுக்குப் போனால்தானே சனி. முதலில் ஐந்து ஆட்டம் இருக்கு.

மொன்றியல் மாமா: போவீர்கள்

பெரியம்மா: மகள் வயிற்றுப் பேரன் செய்யலாமா என்று ஐயரைக் கேட்கிறேன். அதுவரை டிக்கெட் போடாதே தம்பி.

நான்: பேரன் என்றால் நானா?

மொன்றியல் மாமா: அக்கா, கெலோனாவுக்குப் போட்டுவிட்டேன். அங்கிருந்து வெர்னனுக்குக் கார். திரும்பி வர இன்னும் போடவில்லை.

பெரியம்மா: ஐயர் போன் எடுக்கவில்லை. நாளைக்குச் சொல்கிறேன்.

மார்க்கம் சித்தி: சமையல்???