மறு: ரெஸ்டோரேஷனுக்கு ஒரு சொல், வெள்ளிக்கிழமைக்குள்

சென்னையிலிருந்து, இழையைத் தொடங்கியவர்:

குழுவினருக்கு வணக்கம். பழைய கார்களின் கண்காட்சி ஒன்றுக்கு விளக்கப் பலகைகளைத் தமிழில் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளி காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அவற்றில் ஒன்று என் வண்டிக்கே உரியது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டைப் பின்பற்றிச் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. ஐந்து நண்பர்கள் நான்கு ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து ஓடவைத்தார்கள்.

சர்வதேசப் பழங்கார் கூட்டமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனம் கன்சர்வேஷனையும் ரெஸ்டோரேஷனையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. இருப்பதை மேலும் கெடாமல் காப்பது முன்னது. ஒரு காலத்தில் இருந்த நிலைக்குக் கொண்டுபோவது பின்னது. பராமரிப்பு, புதுப்பிப்பு என்று எழுதிப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை.

தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

புதுப்பிப்பு கூடவே கூடாது. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கிறோம்; பழைய உரிமத்தின் அழகை யாராவது தேடுகிறார்களா? "பழையன கழிதலும் புதியன புகுதலும்" வழுவல்ல என்ற நன்னூலாரோடு மல்லுக்கு நிற்கும் கூட்டம் உங்களுடையது. சீரமைப்பு என்றால் சாலைப் பள்ளம்தான் கண்முன் வரும். என் பரிந்துரை: தொன்னிலை மீட்பு. தொல், நிலை இரண்டும் தொன்னூல் போலப் புணர்ந்தன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழம், பழமை, பழக்கம், பழுது நான்கும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் கருத்து. முற்றினால் பழம், முற்றிக் கெட்டால் பழுது. அப்படியானால் பழுதுபார்ப்பு என்பதே பழமையைப் பேணுதல்தான். இதை விரிவாக எழுத வேண்டும்.

கோவையிலிருந்து, பட்டறை நடத்துபவர்:

ஐயா, தொன்னிலை என்றால் எங்கள் பட்டறைப் பையன்கள் பொங்கல் வாங்கத் தொன்னையோடு வந்து நிற்பார்கள். எங்களிடம் இந்த வேலை முழுவதற்கும் ஒரு சொல் கிடையாது. டிங்கரிங் உண்டு, பட்டி பார்ப்பது உண்டு, என்ஜின் இறக்குவது உண்டு.

பராமரிப்பைத் தள்ளிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். ஹெரால்டில் சேஸிஸ் என்னும் அடிச்சட்டம் தனி. அதன்மேல் உடல் துண்டு துண்டாகப் போல்ட்டில் நிற்கிறது. பானெட்டைத் தூக்கினால் இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கம் கவிழ்ந்துகொள்ளும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து என்ஜின் வேலை பார்க்கலாம். அந்தச் சக்கரத்துக்கு உள்ளே, அடியில், ட்ரனியன் என்று ஒரு வெண்கலத் துண்டு இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் தண்டின் மரை அதற்குள் திரும்புகிறது. அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் எண்ணெய்தான் விட வேண்டும். கிரீஸ் கெட்டித்துப்போய், மரையில் நீர் இறங்கித் துருப்பிடித்து, தண்டு முறிந்து, திருப்பத்தில் சக்கரம் மடங்கிய வண்டியை நானே இழுத்து வந்திருக்கிறேன். தவறாமல் எண்ணெய் விடுவதற்குப் பராமரிப்பு என்றுதான் பெயர்.

திருச்சியிலிருந்து:

பராமரிப்பு வடசொல். பேணல் இருக்கும்போது அது எதற்கு? உதிரிபாகத்தின் பாகமும் அப்படியே. புறநானூறு 102ஐப் பாருங்கள். உப்பு வணிகர் மேடும் பள்ளமும் கருதி வண்டியின் கீழ்மரத்தில் கட்டிவைத்த மாற்று அச்சை ஒளவையார் "சேம அச்சு" என்கிறார். ஈராயிரம் ஆண்டாக நம்மிடம் இருக்கும் சொல்! எல்லா மாற்றுப் பொருளையும் சேமப்பொருள் என்று மாற்றிவிடலாம்.

மதுரையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

அண்ணா, சேமம் 'க்ஷேமம்' ஆயிற்றே! வடசொல்லை விரட்ட வடசொல்லையே அழைத்திருக்கிறீர்கள்.

திருச்சியிலிருந்து:

சேமி என்னும் வினை தமிழ். அதிலிருந்துதான் அவர்கள் எடுத்தார்கள்.

(இதற்கு வந்த பதினோரு மறுமொழிகளை இங்கே ஒட்டவில்லை. ட்ரனியன் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. — சென்னை)

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கள் ஊரில் காரைத் திருத்துகிறோம். பிள்ளையின் கட்டுரைக்கும் மொறிஸ் மைனருக்கும் ஒரே வினைதான். மீளத்திருத்தம் என்று வைத்தால் என்ன?

ஆனால் எனக்குச் சொல்லைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. போர்க்காலத்தில் எரிபொருள் தடைப்பட்டபோது இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்புவோம். சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் பிடித்துக்கொள்ளும். அப்பாவின் ஒஸ்ரின் காரில் அதற்காக அவர் பொருத்திய சிறு குழாய் இன்னும் இருக்கிறது. பெற்றோல் நிரப்பிய கண்ணாடிப் போத்தலை அவர் சட்டைப் பையில் வைத்திருப்பார். வாசனை சட்டையை விட்டுப் போகாது. ஆலையிலிருந்து வந்தபோது அந்தக் குழாய் இல்லை. தொன்னிலையை மீட்க வேண்டுமானால் அதைக் கழற்ற வேண்டும். நான் கழற்றப் போவதில்லை.

மதுரையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

இதற்கு இலக்கணத்தில் இடம் இருக்கிறது. வழு என்றால் பிழை, வழாநிலை என்றால் பிழையற்றது, வழுவமைதி என்றால் பிழையானாலும் காரணம் கருதி ஏற்றுக்கொள்வது. ஆலையில் வந்தபடி ஆக்குவது வழாநிலை. அந்தக் குழாய் வழுவமைதி. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பதை உவப்பினால் ஏற்றுக்கொண்டது போல இதையும் ஏற்க வேண்டியதுதான். பழங்கார்க்காரர்கள் பட்டினா என்று போற்றும் வெளிறிய வண்ணம், கைபட்டுத் தேய்ந்த ஸ்டியரிங் எல்லாம் இதில் அடங்கும். ஆனால் பலகையில் வழுவமைதி என்று எழுதினால் படிப்பவர் பயந்து ஓடுவார். ரெஸ்டோரேஷனுக்கு மீட்டெடுப்பு போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மீட்டெடுப்பா? வண்டி என்ன, அடகுக் கடையிலா இருக்கிறது?

சென்னையிலிருந்து:

ஐயா, அதற்குச் செலவழித்த கணக்கைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

இப்போது வியாழன் இரவு மணி பதினொன்று. மீட்டெடுப்புக்கு நான்கு பேர், தொன்னிலை மீட்புக்கு மூன்று பேர், மீளத்திருத்தத்துக்கு ஒருவர். சேமம் பற்றி எழுதிய யாரும் வாக்களிக்கவில்லை. மீட்டெடுப்பு, பேணல் என்று பலகைக்கு அனுப்பிவிட்டேன். என் வண்டியின் பலகையில் மட்டும் கோவை நண்பருக்காகப் பராமரிப்பையும் ஓரிடத்தில் விட்டிருக்கிறேன். பட்டினாவுக்கு எதுவும் சரியாக அமையவில்லை. "காலம் பூசிய நிறம்" என்று விளக்கமாகவே எழுதினேன்.

கோவையிலிருந்து, பட்டறை நடத்துபவர்:

நன்றி. கண்காட்சிக்கு ஓட்டிப் போகும் முன் ட்ரனியனுக்கு எண்ணெய் விட்டீர்களா?

தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளவும். பழுது, பழமை வேர் பற்றி நாளை தனி இழை தொடங்குகிறேன்.