ராஃபிடோஃபோராவை ‘பாதித்தொற்றி’ எனலாமா?

> ஹெமிஎபிஃபைட் (வாழ்நாளில் ஒரு பகுதியை மட்டும் மண்தொடர்பின்றி மரத்தின்மேல் ‘தொற்றி’யாகக் கழிக்கும் செடி) = பாதித்தொற்றி. ஆல், ராஃபிடோஃபோரா இரண்டுக்கும் இந்த ஒரே சொல் போதும் என்பது என் முன்மொழிவு.

வணக்கம் ஐயா. போதாது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் வளர்பவை. பனைமட்டை இடுக்கில் பறவை எச்சத்தோடு விழும் ஆலவிதை அங்கேயே முளைத்து வேரைக் கீழே இறக்கும். சேம்புக் குடும்பத்து ராஃபிடோஃபோராவோ தரையில் முளைத்து மரம் ஏறும். நுனி வளர வளர, பல சமயம் பின்தண்டு பட்டுப்போகும்.

அடித்தண்டு செத்தாலும் கொடி பிழைப்பது கணுவேர்களால்தான். மணி பிளாண்டை நடுவில் வெட்டினாலும் முன்துண்டு தழைப்பது இதனால்தான். (கணு இல்லாத வெறும் இலையைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடலாம், கொடி வராது.) கணுவேரில் இரண்டு வகை உண்டு. குட்டையாகப் பக்கவாட்டில் பட்டையைக் கவ்வுவது பற்றுவேர். நீண்டு மண்வரை இறங்கி நீர் கொண்டுவருவது ஊட்டுவேர். ஊட்டுவேர் மண்ணைத் தொட்டிருக்கும்வரை அந்தக் கொடியைத் ‘தொற்றி’ என்பதே பிழை. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் சூழலியலாளர் மார்க் மொஃபெட் 2000இல் ‘நோமாடிக் வைன்’ (நாடோடிக்கொடி) என்று தனிப்பெயர் வைத்தார்.

ஆகவே ஆலுக்குப் பாதித்தொற்றி இருக்கட்டும். ராஃபிடோஃபோராவுக்கு ‘அடிவிடுகொடி’. சுடுநீர், ஊறுகாய் போல வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

---

> ‘நாடோடிக்கொடி’ என்றால் எல்லாருக்கும் புரியுமே?

புரியும், தவறாக. தரையில் அலைந்து பரவும் கொடி என்றுதான் நினைப்பார்கள். ‘புல்லுருவி’ பக்கமே போகவேண்டாம். அது மரத்தின் சாற்றை உறிஞ்சுவது. இந்தக் கொடி மரத்தைப் பிடிமானத்துக்கு மட்டுமே நாடுகிறது.

---

அடிவிடுகொடிக்கு என் வாக்கும் உண்டு. ஒரு ஐயம்: மிளகும் கணுவேரால்தான் ஏறுகிறது. அதுவும் இதில் சேருமா?

---

சேராது. மிளகின் அடித்தண்டு மண்ணில் வேரூன்றியே நிற்கும். அடி போனால் கொடியும் போகும். அதற்குப் ‘பற்றுவேர்க்கொடி’ போதும்.

களத்தில் பிரித்தறிய, மரத்தடிச் சருகை விலக்கித் தண்டைக் கீழ்நோக்கித் தடவிப் பார்க்கவேண்டும். முதிர்ந்த ஊட்டுவேரைத் தண்டு என்று எண்ணிவிடுவதே வழக்கமாக நேரும் பிழை. கணுவும் இலைத்தழும்பும் இருந்தால் தண்டு, இல்லையென்றால் வேர். மாதிரி எடுக்கும்போது இளம் இலை, முதிர் இலை இரண்டும் வேண்டும். தென்கிழக்காசியாவின் ராஃபிடோஃபோரா கோர்தால்சியையில் இளம் இலைகள் ஓடு வேய்ந்ததுபோல மரத்தோடு ஒட்டிக் கிடக்கும். முதிர்ந்தவை பெரிதாகி, இறகுபோலப் பிளந்து விலகி நிற்கும். ஒன்றை மட்டும் எடுத்தால் வேறு இனம் என்று பதிவாகிவிடும்.

கலைச்சொல் பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம்:

அடிவிடுகொடி: தரையில் முளைத்து மரம் ஏறி, பின்தண்டை இழந்தும் கணுவேர்களால் வாழக்கூடிய கொடி. அடி இன்னும் சாகாத இளங்கொடிக்கும் இதே பெயர். சொல் குறிப்பது வாழ்முறையை, பருவத்தை அல்ல.